பழைய போர்ஷே, சென்னைச் சாலை: எந்தத் தலைமுறையை வாங்குவது?

கேள்வி: அடையாறிலிருந்து சோழிங்கநல்லூருக்குத் தினமும் அலுவலகம் போகிறேன். நெடுநாள் ஆசை, ஒரு பழைய போர்ஷே வாங்க வேண்டும் என்று. மூன்று வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன்: கர்நாடகப் பதிவில் 2010 பாக்ஸ்டர், சென்னைப் பதிவில் 2014 கேமன், 2018 கேமன் 718. கடைசி இரண்டுக்கும் நடுவே 18 லட்ச ரூபாய் வித்தியாசம். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் 2014 வண்டியின் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் புகழ்கிறார்கள், 718 என்றால் முகம் சுளிக்கிறார்கள். தினசரி ஓட்டத்துக்கு எது சரி?

பதில்: முகம் சுளிக்கப்படும் அந்த 718தான். ஆனால் வண்டியின் உடம்பு நன்றாக இருந்தால் மட்டும்.

புகழ்கிறவர்கள் சொல்வது பொய்யில்லை. 2014 வண்டி 981 என்ற தலைமுறை. 2.7 லிட்டர், டர்போ இல்லாத ஆறு சிலிண்டர், 275 குதிரைத்திறன். அந்தக் குரலைக் கேட்க எனக்கும் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால், அதன் இழுவிசையான 290 நியூட்டன் மீட்டர் முழுதாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்கு மேல் போனால்தான். ராஜீவ் காந்தி சாலையில், மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே, காலை ஒன்பது மணிக்கு உங்களை 4,500 சுற்றுக்கு யார் போகவிடுவார்கள்? 718இன் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் 1,950 சுற்றிலேயே 380 நியூட்டன் மீட்டர் தருகிறது. சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்கு நகரும் ஊரில் பயன்படுவது இதுதான். சத்தம் சுமார்தான், பழைய பீட்டில் கார் ஞாபகம் வரும். போர்ஷேயின் முதல் கார்களும் எதிரெதிராகப் படுத்த நான்கு சிலிண்டரில் ஓடியவைதான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வர மட்டும் கேட்டிருந்தால், 981ஐ வாங்கி 18 லட்சத்தை மிச்சம் பிடியுங்கள் என்றிருப்பேன்.

2010 பாக்ஸ்டரை விட்டுவிடுங்கள். எந்திரம் மோசம் என்பதால் அல்ல. அந்த 987 தலைமுறையில் 2009க்கு முன் வந்தவற்றில்தான் ஐ.எம்.எஸ். பேரிங் என்ற உள்பேரிங் உடைந்து எஞ்சினையே கெடுத்துவிடுமோ என்ற பயம். 2009இல் எஞ்சினை மாற்றி வடிவமைத்தபோது அந்தப் பேரிங்கே இல்லாமல் போனது, பிடிகே என்ற ஏழு கியர் தானியங்கிப் பெட்டியும் அப்போதுதான் வந்தது. இங்கே தொல்லை காகிதத்தில் இருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அது முடிந்தால் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். வேறு மாநில வண்டி என்பதால் அங்கிருந்து தடையின்மைச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி என்று வரிசையாக வரும். விற்பவர் சொல்லும் விலையில் இது எதுவும் சேர்ந்திருக்காது.

இனி, வண்டியைப் பார்க்கப் போகும் நாள். முன் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம் இருக்கும். பின் மூடியைத் திறந்தாலும் பெட்டி வைக்கும் இடம்தான். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதனால் தெருமுனை மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பயனில்லை, இந்தக் கார்களைப் பழுதுபார்த்துப் பழகியவரிடம் லிப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. முன் பம்பரின் இரு மூலைகளிலும் உள்ள காற்றுவழிக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பாருங்கள். ரேடியேட்டரும் அதன் முன்னால் ஏசி கண்டென்சரும் அங்கேதான். சென்னை வண்டியில் தூங்குமூஞ்சி மரத்து இலையும் மண்ணும் ஈரமாக அப்பிக் கிடக்கும். அதை வருடக்கணக்கில் எடுக்காமல் விட்டால் கண்டென்சர் அரித்து வாயு கசியும். பெசன்ட் நகரில் மரத்தடியில் நின்ற நண்பர் வண்டி ஒன்றில், இரண்டு கைப்பிடி சருகை நானே எடுத்திருக்கிறேன். அவருக்கு ஏசி போனது சரியாக மே மாதத்தில்.

கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சின் கணினியில் ஓடிய மணிநேரமும் பதிவாகியிருக்கும், கருவி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். 22,000 கிலோமீட்டர், 1,000 மணி என்றால் சராசரி வேகம் 22. நம்ம ஊருக்கு நியாயமான கணக்கு. அதே கிலோமீட்டருக்கு 2,500 மணி காட்டினால் சராசரி ஒன்பதுக்கும் கீழே, மீட்டரைக் குறைத்திருக்கலாம். மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் கதை முடிந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் டயர் பழையது என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுக்குமுன் வண்டியை உங்கள் வீட்டுக்கே ஓட்டிவரச் சொல்லுங்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளச் சரிவிலும் உங்கள் தெருவின் வேகத்தடையிலும் மூக்கு உரசுகிறதா என்பது எந்த விளம்பரத்திலும் இருக்காது.

கேள்வி: நான் வாங்க நினைப்பது பாக்ஸ்டர், துணிக்கூரை வண்டி. வடகிழக்குப் பருவமழையில் தாங்குமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: கூரை தாங்கும். அடைத்துக்கொள்வது அதன் ஓரத்து வடிகால் துளைகள். அவை அடைத்தால் தண்ணீர் இருக்கைக்கு அடியில் இறங்கும். பாக்ஸ்டரின் முதல் தலைமுறையில் பூட்டுக்கான மின்னணுப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. மழைக்கு முன் துளைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், வாங்கும்போது இருக்கைக்கு அடியில் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். வேளச்சேரி என்கிறீர்கள். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு இணைப்பையும் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண பாலிசி பெரும்பாலும் தராது.

கேள்வி: பழைய உரிமையாளரின் காப்பீட்டில் 50 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. வண்டியோடு எனக்கும் வருமா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: வராது. இழப்பீடு கேட்காமல் இருந்ததற்கான அந்தத் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவர் கடனில் வாங்கியிருந்தால், வங்கியின் கடன் முடிவுச் சான்றும் பதிவுச் சான்றிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம்.