மெண்டல்சன் கான்செர்டோவுக்கு மகளைக் கூட்டிப் போகலாமா: பதில்

வணக்கம்ங்க. கர்நாடக வயலின் கத்துக்கிற பத்து வயசுப் பொண்ணை, மெண்டல்சன்ங்கிற ஜெர்மன் இசையமைப்பாளரோட வயலின் கான்செர்டோ (ஆர்கெஸ்ட்ராவோட தனி வயலின் வாசிக்கிற உருப்படி) கேக்க கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போகலாமா, எப்போ கைதட்டணும்னு கேட்டிருந்தீங்க. தாராளமா போங்க.

பகுதிக்கு நடுவுல தப்பா கைதட்டிடுவோமோங்கிற கவலையே வேண்டாம். 1845-ல ஜெர்மனியோட லைப்சிக் நகரத்துல அரங்கேறின இந்த உருப்படியோட மூணு பகுதியையும் மெண்டல்சன் இடைவெளி விடாம கோத்திருக்கார். முதல் பகுதி முடியுறப்போ பஸூன்ங்கிற ஊதுகுழல் மட்டும் ஒரே சுரத்தைப் பிடிச்சு நிக்கும். அதுலயிருந்தே அடுத்தது கிளம்பிடும். மொத்தமே அரைமணிக்குள்ள. கடைசியில எல்லாரும் தட்டுறப்போ நீங்களும் தட்டுங்க. நடுவுல “பலே” மட்டும் வேண்டாம், நம்ம சபா பழக்கம் அங்க எடுபடாது.

உங்க பொண்ணு கீழே உக்காந்து, வயலின் தலையைப் பாதத்துல ஊன்றி வாசிக்கிறவ. அங்க தனிக் கலைஞர் நின்னுக்கிட்டு, தாடைக்கடியில வச்சு வாசிப்பார். தந்திச் சுருதியும் வேற; நம்மது ச-ப-ச-ப, அவங்க நாலு தந்தியும் ஐந்தாம் சுர இடைவெளியில ஏறிக்கிட்டே போகும். இதை முன்னாடியே சொல்லி வைங்க. முதல் பகுதி நடுவுல ஆர்கெஸ்ட்ரா அடங்கி வயலின் தனியா வாசிக்கும். அது முடியுற நேரம் வில் நாலு தந்தியிலயும் துள்ளித் துள்ளி ஓட, அதுக்கு மேலேயே ஆர்கெஸ்ட்ரா பழைய மெட்டை எடுக்கும். வில் பிடிக்கிற கைக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தக் கை நல்லாத் தெரிய, மேடையைப் பார்த்து இடதுபக்க இருக்கையா எடுங்க.

தொண்ணூறு கிலோமீட்டர்தானேன்னு லேட்டா கிளம்பாதீங்க. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசல்ல மாட்டினா போச்சு. வாசிப்பு தொடங்கிட்டா உள்ளே விடமாட்டாங்க.