எக்ஸ்ரே எடுத்தபோது கர்ப்பம் தெரியாது: இப்போது என்ன செய்வது?

பள்ளத்தூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 27. மூன்று வாரமாக இருமல் விடாததால் காரைக்குடியில் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்களாம். பத்து நாள் கழித்துத்தான் கர்ப்பம் என்று தெரிந்திருக்கிறது. இப்போது ஏழாவது வாரம். ‘எக்ஸ்ரே பட்ட பிள்ளைக்குப் புற்றுநோய் வரும், கலைத்துவிடு’ என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். போதாக்குறைக்கு, நான்கு வயது மூத்த மகன் போன வருடம் வளவில் ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கி விழுந்ததில் தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ‘இரண்டு பிள்ளைக்கும் நானே கெடுதல் செய்துவிட்டேனா? ராத்திரி தூக்கமே இல்லை’ என்று முடித்திருக்கிறார்.

அம்மா, முதல் பதில் இதுதான். இந்த எக்ஸ்ரேக்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. மார்பு எக்ஸ்ரேயில் கதிர் நெஞ்சின் மேல்தான் விழுகிறது. வயிற்றுக்குள் சிதறி வருவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகுதான் மில்லிகிரே). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வரும் கதிர்வீச்சே ஒன்பது மாதத்தில் சிசுவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிரே வரை கொடுத்துவிடும். உங்கள் எக்ஸ்ரே அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. சிசுவுக்குக் கிடைத்தது 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமில்லை என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

ஆனாலும் உங்கள் வீட்டுப் பெரியவரின் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. அது இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் 1950-களில் செய்த ஆய்வு. அப்போது அங்கே இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் ரத்தப் புற்றுநோயில் இறக்கும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போனார்கள். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அந்தத் தாய்மார்களையே கேட்டால் என்ன என்று ஆலிஸுக்குத் தோன்றியது. டாக்டர் மறந்தாலும் பெற்றவள் மறக்கமாட்டாள் என்று அவர் நம்பினார். பணம்தான் இல்லை. கையில் கிடைத்தது ஆயிரம் பவுண்டு. அதுவும் ரத்தப் புற்றுநோயில் 1931-இல் இறந்த மெஹர்பாய் டாடாவின் நினைவாக அவர் கணவர் தொராப்ஜி டாடா நிறுவிய அறக்கட்டளை தந்தது. நம் நாட்டிலிருந்து போன பணம் அது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு நிறைவு உண்டு.

இறந்த பிள்ளைகளின் தாய்மார்களிடமும், நலமாக இருக்கும் பிள்ளைகளின் தாய்மார்களிடமும் ஒரே கேள்வித்தாள். என்ன சாப்பிட்டீர்கள், என்ன காய்ச்சல் வந்தது, எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று எல்லாம் அதில் இருந்தது. பதில்களை எண்ணிப் பார்த்தபோது எக்ஸ்ரே வரி மட்டும் தனியாகத் தெரிந்தது. கர்ப்பத்தில் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடையே ஏறக்குறைய இரு மடங்கு. 1956-இல் முதல் அறிக்கை, 1958-இல் முழுக் கட்டுரை. பெரிய பெரிய நிபுணர்கள் ஏற்க மறுத்தார்கள். 1962-இல் அமெரிக்காவில் பிரையன் மக்மஹோன் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை எடுத்துப் பார்த்தார். அங்கேயும் இதே திசைதான், கர்ப்பத்தில் எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளிடையே புற்றுநோய் மரணம் சுமார் 40 சதவீதம் கூடுதல். அதற்குப் பிறகும் கர்ப்பிணிகளின் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுக்கும் பழக்கம் மாற வெகுகாலம் ஆயிற்று.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அளவு. அந்தக் காலத்தில் இடுப்பெலும்பை அளக்க நேராகப் பிள்ளை மேலேயே கதிர் விட்டார்கள். சிசுவுக்குக் கிடைத்தது சுமார் 10 மில்லிகிரே அளவு. அவ்வளவு பட்டாலும், பிற்காலக் கணக்குப்படி, பத்தாயிரம் பிள்ளைகளில் கூடுதலாகப் புற்றுநோய் வருவது ஆறு பேருக்கு. உங்களுக்கு ஆனது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

சரி, மகனின் சிடி. இது எக்ஸ்ரேயை விடக் கதிர் கூடுதலான பரிசோதனைதான், மறைக்க ஒன்றுமில்லை. பிரிட்டனில் ஏறக்குறைய 1,80,000 இளம் வயதினரைப் பின்தொடர்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. பத்து வயதுக்குக் கீழே பத்தாயிரம் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு சிடி எடுத்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்பது அதன் கணிப்பு. விழுந்தபின் அவன் வாந்தி எடுத்திருந்தாலோ, மயங்கியிருந்தாலோ, மந்தமாக இருந்திருந்தாலோ அந்த சிடி சரியான முடிவுதான். மூளையில் ரத்தம் கசிவதைத் தெரியாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை விழுந்தபின் நினைவு தவறாமல், வாந்தி, கடும் தலைவலி இல்லாமல், வழக்கம்போல் பேசி விளையாடினால், விழுந்த உயரமும் அதிகமில்லை என்றால், சிடி பெரும்பாலும் வேண்டாம். சில மணி நேரம் கண்காணித்தால் போதும். அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009-இல் வகுத்த வழிமுறை இது. எடுத்தே ஆகவேண்டுமா, கொஞ்ச நேரம் வைத்துப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நம் பேச்சில் எல்லாமே ‘ஸ்கேன்’ ஆகிவிட்டது. அதிலேயே பாதிக் குழப்பம். வயிற்றில் பசையைத் தடவிப் பிள்ளையைப் பார்ப்பது ஒலி அலை, அதில் கதிர்வீச்சே கிடையாது. எம்ஆர்ஐ காந்தம். இந்த மூன்றில் சிடி மட்டும்தான் எக்ஸ்ரே வகை. ‘ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது’ என்று யாராவது சொன்னால், எந்த ஸ்கேன் என்று கேளுங்கள். 11 வாரத்துக்குமேல் எடுக்கச் சொல்லும் கர்ப்ப ஸ்கேனை இந்தப் பயத்தில் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், இனி மகனுக்கு எப்போதாவது எக்ஸ்ரே தேவைப்பட்டால், அவனைப் பிடித்துக்கொள்ள நீங்கள் உள்ளே போகாதீர்கள். அப்பாவோ அப்பத்தாவோ ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். உங்களுக்கே எடுக்கும்போது, நாள் தள்ளிப்போயிருந்தால் சொல்லக் கூச்சப்படாதீர்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று கதவில் ஒட்டியிருப்பது அதற்காகத்தான்.

இன்னொன்று, என் அனுபவத்தில் கண்டது. வயிற்றில் கட்டியோடு வந்த ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு மூன்று ஊர்களில் மூன்று சிடி எடுத்திருந்தார்கள். முதல் சிடியின் குறுந்தகடு அப்பாவின் மோட்டார் சைக்கிள் பெட்டியிலேயே கிடந்திருக்கிறது, வெயிலில் வளைந்துபோய். யாரும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. அந்தத் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கு அனுப்பினால் அறிக்கை மட்டும் போதாது. படம், தகடு எல்லாம் கூடவே போகவேண்டும். படங்களைச் சுருட்டி ரப்பர் போட்டுப் பீரோ மேல் வைக்காமல், உறையோடு தட்டையாக வையுங்கள். பர்மாவில் கடை வைத்திருந்த காலத்திலேயே காலணா விடாமல் பேரேடு எழுதிய ஊர் நம்முடையது. பிள்ளைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில், எங்கே, எந்த உறுப்புக்கு, எதற்காக எடுத்தது என்று எழுதி வருவது நமக்குப் பெரிய காரியமா என்ன? ஆலிஸ் ஸ்டூவர்ட் தேடிப் போனது தாய்மார்களின் அந்த ஞாபகத்தைத்தான்.

பயந்து தேவையான படத்தை மறுப்பதும் கெடுதல். காரணமில்லாமல் நீளும் காய்ச்சல், வெளிறிய முகம், உடம்பில் தானாக வரும் கன்றல், ராத்திரியில் அழவைக்கும் எலும்பு வலி, வயிற்றில் கட்டி, காலைத் தலைவலியோடு வாந்தி, ஃபிளாஷ் போட்டோவில் கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிவது: இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். அப்போது டாக்டர் சிடி கேட்டால் தயங்காமல் எடுங்கள். பிள்ளைப் புற்றுநோய்களில் பலவற்றை ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்த முடிகிறது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது எக்ஸ்ரே இல்லை, இருமல். மூன்று வாரம் நீடித்திருக்கிறது, படத்தில் என்ன தெரிந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. காசநோயாக இருந்தால், சிகிச்சை இல்லாமல் விடுவதுதான் உங்களுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. கர்ப்பத்திலும் அதற்கு மருந்து சாப்பிடலாம். நாளைக்கே அந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள், காசு கிடையாது. கர்ப்பம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.