பி91 ஸ்டீலை நார்மலைஸ் செய்த பிறகு டெம்பரிங் எதற்கு?

ஒருமுறை சூடாக்கிக் காற்றில் ஆறவைத்த (நார்மலைஸ் செய்த) பி91 ஸ்டீல் குழாயை ஏன் மறுபடி உலையில் வைத்து, அதைவிடக் குறைந்த வெப்பத்தில் சூடாக்க (டெம்பரிங்) வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பி91 என்பது 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், கூடவே துளி வனேடியம், நியோபியம், நைட்ரஜன். நார்மலைஸிங்கில் 1040 முதல் 1080 டிகிரி செல்சியஸில் அது முழுக்க ஆஸ்டெனைட் (அதிக வெப்பத்தில் ஸ்டீல் எடுக்கும் படிக அமைப்பு) ஆகி, கார்பைடுகளில் (உலோகமும் கார்பனும் சேர்ந்த துகள்கள்) பெரும்பகுதி கரைந்துவிடும். இவ்வளவு குரோமியம் இருப்பதால் தண்ணீரோ எண்ணெயோ வேண்டாம், சும்மா காற்றில் ஆறினாலே மார்ட்டென்சைட்தான், அதாவது கார்பன் உள்ளே சிக்கிக்கொண்ட, மெல்லிய பட்டைகளாலான கடினமான அமைப்பு. கடினம் 400 விக்கர்ஸ் (கடினத்தை அளக்கும் அலகு) பக்கம் போகும், ஆனால் அடி தாங்காது.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. 730 முதல் 780 டிகிரியில் டெம்பரிங் செய்யும்போது, சிக்கிக்கிடந்த கார்பன் வெளியே வந்து குரோமியம் கார்பைடாக மார்ட்டென்சைட் பட்டைகளின் ஓரங்களில் உட்கார்ந்து அவற்றை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பட்டைகளுக்கு உள்ளேயோ வனேடியமும் நியோபியமும் நானோமீட்டர் அளவுத் துகள்களாகி டிஸ்லொகேஷன்களுக்கு (படிக அடுக்கில் நகரும் பிழைகள், இவை நகர்ந்தால்தான் உலோகம் உருமாறும்) முட்டுக்கட்டை போடும். 600 டிகிரி நீராவியில் வருடக்கணக்கில் க்ரீப் (சூட்டிலும் அழுத்தத்திலும் மெல்ல மெல்ல நீண்டுபோவது) தாங்குவது இந்தத் துகள்களால்தான், வெறும் கடினத்தால் இல்லை.

வேகமாக முடிக்கலாமே என்று வெப்பத்தைக் கூட்டாதீர்கள். 800 டிகிரியைத் தாண்டினால் ஒரு பகுதி திரும்ப ஆஸ்டெனைட் ஆகலாம், ஆறும்போது அது டெம்பர் ஆகாத புது மார்ட்டென்சைட். பிறகு மறுபடி நார்மலைஸிங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.