டிரா செய்தும் செஸ் ரேட்டிங் ஏன் குறைகிறது?

கேள்வி: பெரம்பூரில் ஆடும் என் மகன் 1600. 1500 உள்ள பையனோடு டிரா செய்தான், ரேட்டிங் இறங்கிவிட்டது. ஏன்?

ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) கணக்கு, வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பதில்லை. நூறு புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் ஓர் ஆட்டத்தில் 0.64 எடுக்க வேண்டும் என்கிறது அட்டவணை. டிராவில் கிடைத்தது 0.5. குறை 0.14. பதினெட்டு வயதுக்குள், 2300-க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு இதை 40-ஆல் பெருக்குவார்கள்: 5.6 போயிற்று. ஜெயித்திருந்தால் 14.4 ஏறும், தோற்றிருந்தால் 25.6 இறங்கும். பெரியவர்களில் பலருக்குப் பெருக்கும் எண் 20தான். அதனால்தான் பிள்ளைகளின் ரேட்டிங் இப்படிக் குதிக்கிறது, பயப்படாதீர்கள்.

எதிராளி வராமல் கிடைத்த வாக்ஓவர் ரேட்டிங்கில் சேராது. கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்டம்), ரேபிட் (விரைவு ஆட்டம்), பிளிட்ஸ் (அதிவிரைவு ஆட்டம்) மூன்றும் தனித்தனிப் பட்டியல். தண்டையார்பேட்டை மண்டபத்தில் ஒரே நாளில் முடியும் போட்டி பெரும்பாலும் கிளாசிக்கலாக இருக்காது. அங்கே ஜெயித்துவிட்டு கிளாசிக்கல் எண் ஏறவில்லையே என்று பல பெற்றோர் குழம்புகிறார்கள். பணம் கட்டும் முன் நோட்டீஸில் நேரக்கட்டுப்பாட்டையும், ஃபிடே ரேட்டட்தானா என்பதையும் பாருங்கள். பதிவில் மகனின் ஃபிடே அடையாள எண்ணைச் சரிபாருங்கள். புதுப் பட்டியல் மாதம் 1-ம் தேதி வரும்.