பதில்: அங்கன்வாடிக்குப் பொங்கல் துணி கேட்டால் பழசே வருகிறது

தர்மபுரியில 28 பிள்ளைகளுக்குப் பொங்கல் துணி கேட்டு, மூட்டை மூட்டையாப் பழசுதான் சேருதுன்னு எழுதியிருந்தீங்க. "துணி கொடுங்க"ன்னு பொதுவாக் கேட்டா அப்படித்தான் வரும். வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுங்க: "எண் 14, பெண் குழந்தை, 22 சைஸ், பருத்தி, முழுக்கை, ஜனவரி 4-க்குள்." பிள்ளையோட பேரு வேண்டாம்.

வயசை வச்சு சைஸ் எழுதாதீங்க. டீச்சரை வச்சு நெஞ்சுச் சுற்றளவும், தோள்லேர்ந்து முழங்கால் வரைக்கும் அளந்துக்குங்க. ஒரே 22 கடைக்குக் கடை மாறும். சந்தேகம்னா ஒரு சைஸ் கூட்டிக்கலாம். பில்லைத் துணியோடவே வாங்கி வைங்க, இல்லன்னா மாத்த முடியாது. சமிக்கி, மணி தச்சது வேண்டவே வேண்டாம், பிச்சு வாயில போட்டுக்கும். முழுக்கை கேக்கறது தை மாசக் காலைக் குளிருக்காக.

28 பேருக்கு 32 சீட்டு போடுங்க. கடைசியில கை விரிக்கிறவங்க 2, 3 பேராவது இருப்பாங்க.

தின்பண்டம் தர்றவங்ககிட்ட வாழைப்பழம் கேளுங்க. கடலை மிட்டாய் இந்த வயசுக்குத் தொண்டையில சிக்கும்.

பணமா வந்தா அன்னிக்கே நோட்டுல எழுதி ரெண்டு பேர் கையெழுத்து. வசூலுக்கு முன்னாடியே வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. டீச்சர் வாய்வார்த்தையாச் சொன்னது போதாது, பிரச்சினைன்னா அவங்க தலையிலதான் விடியும்.