கேட்டது கொஞ்சம், கேட்க வேண்டியது கடலளவு: வேற்றுலக அறிவுயிர்த் தேடல் பற்றிய கேள்வி-பதில்

பூமிக்கு வெளியே அறிவுள்ள உயிர்களைத் தேடும் பணி பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேடியாயிற்று. ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. யாருமில்லை என்று ஒப்புக்கொண்டு விட்டுவிட வேண்டியதுதானே?

வருடங்களை எண்ணினால் நீண்ட காலம்தான். உண்மையில் கேட்ட நேரத்தை எண்ணிப் பாருங்கள். 1960 ஏப்ரலில் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்கள் பக்கம் திருப்பினார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சேனல் கொண்ட ரிசீவர். சில மாதங்களில் மொத்தம் 150 மணி நேரம் போலக் கேட்டார். தேடலின் தொடக்கம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தவற்றிலும் பெரும்பகுதி, மற்ற வானியல் ஆய்வுகளுக்கு நடுவே கெஞ்சி வாங்கிய நேரம். நாசா 1992 அக்டோபரில் பெரிய அளவில் ஒரு தேடலைத் தொடங்கியது. ஓராண்டு முடிந்த கையோடு அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. அதன்பின் நெடுங்காலம் இந்தத் துறை தனியார் நன்கொடையில்தான் மூச்சு விட்டது. 2015இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ லிசன் திட்டம் வந்த பிறகுதான், பத்தாண்டுகளுக்குப் பத்து கோடி டாலர் என்ற அளவில், பெரிய தொலைநோக்கிகளில் நிலையான நேரம் கிடைத்தது.

தேட வேண்டிய பரப்பும் திசை மட்டும் சார்ந்ததில்லை. எந்த அதிர்வெண், எந்த நேரம், எவ்வளவு வலு, என்ன வகை சிக்னல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெருகிக்கொண்டே போகும். இந்தத் துறையில் வாழ்நாள் முழுக்க உழைத்த ஜில் டார்ட்டர் இதற்கு ஓர் உவமை சொல்வார்: கடலில் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டு, மீனே இல்லை என்று சொல்ல முடியுமா? 2018இல் சில ஆய்வாளர்கள் இதை முறையாகக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். டம்ளர் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஒரு சிறிய நீச்சல் குளம் அளவுக்கு. கடல் அப்படியே இருக்கிறது.

யாருமில்லை என்பது ஒரு தீர்ப்பு. அதைச் சொல்லும் தகுதியை நாம் இன்னும் சம்பாதிக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு வானத்தைக் கேட்பதாகப் படங்களில் காட்டுகிறார்களே, அப்படித்தானா?

காதுக்கு அங்கே வேலையே இல்லை. கணினி கோடிக்கணக்கான குறுகிய சேனல்களாக அலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. ஏன் குறுகிய சேனல்? இயற்கை ரேடியோ அலைகளைப் பரப்பித்தான் உமிழும். நமக்குத் தெரிந்த மிகக் குறுகிய இயற்கை உமிழ்வுகூடச் சில நூறு ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும். ஒன்றிரண்டு ஹெர்ட்ஸுக்குள் ஊசி போல நிற்கும் சிக்னல் தெரிந்தால், அதன் பின்னால் ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது என்று அர்த்தம். எங்கே கேட்பது என்பதற்கு 1959இலேயே கொக்கோனி, மாரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: பிரபஞ்சத்தில் மிக அதிகமாக உள்ள ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் உமிழ்கிறது, வானியல் தெரிந்த எவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கும். இன்று அதைத் தாண்டிப் பல ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது.

இந்தத் தரவை அலசும்போது திரையில் வருவது ஒரு நீள்சதுரப் படம். இடமிருந்து வலமாக அதிர்வெண், மேலிருந்து கீழாக நேரம். பெரும்பாலும் புள்ளி புள்ளியான இரைச்சல்தான். தரையில் ஓரிடத்தில் நிற்கும் டிரான்ஸ்மிட்டர் என்றால் செங்குத்தாக ஒரு கோடு விழும். தொலைவில் உள்ள ஒரு கோளிலிருந்து வருவது என்றால், அந்தக் கோளும் சுழல்கிறது, பூமியும் சுழல்கிறது. அதிர்வெண் மெல்ல நகரும், கோடு சாயும். ஆனால் நம் செயற்கைக்கோள்களும் சாய்ந்த கோடுதான் போடும். அதனால் தொலைநோக்கியை ஐந்து நிமிடம் விண்மீன் மேலும், அடுத்த ஐந்து நிமிடம் பக்கத்தில் வேறோர் இடத்திலும் மாற்றி மாற்றி நிறுத்துவார்கள். விண்மீனிலிருந்து வருவதாக இருந்தால் திருப்பியதும் கோடு மறைய வேண்டும். இப்படிப்பட்ட படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் நான். சாய்ந்த கோடு ஒன்றைக் கண்டதும் நெஞ்சு படபடக்கும். அடுத்த ஐந்து நிமிடப் படத்திலும் அதே கோடு கிடப்பதைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

அப்படியானால் ஏமாந்துபோன சம்பவங்கள் நிறைய இருக்குமே?

ஏராளம். தேடலில் முக்கால்வாசி உழைப்பு இதற்கே போகிறது. டிரேக் தேடத் தொடங்கிய முதல் நாள்களிலேயே எப்சிலான் எரிடானி பக்கம் ஒரு வலுவான துடிப்பு கேட்டது. பின்னர் அது வானத்தில் பறந்த விமானத்தின் வேலை என்று தெரிந்தது. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸலின் பெல், 1.337 நொடிக்கு ஒரு முறை தவறாமல் துடிக்கும் சிக்னலைக் கண்டார். "குட்டிப் பச்சை மனிதர்கள்" என்று பாதி விளையாட்டாக அதற்குப் பெயர்கூட வைத்தார்கள். வானத்தின் வேறொரு மூலையில் இரண்டாவது துடிப்பை அவரே கண்டுபிடித்ததும் அந்த ஐயம் தீர்ந்தது. இருவேறு நாகரிகங்கள் ஒரே பாணியில் பூமிக்குச் சிக்னல் அனுப்புமா என்ன? அவை சுழலும் நியூட்ரான் விண்மீன்கள், அதாவது வெடித்துச் செத்த பெரிய விண்மீன்களின் அடர்ந்த எச்சங்கள். பல்சார்கள் என்று பெயர். வேற்றுலகத்தார் கிடைக்காவிட்டாலும் வானியலுக்கு ஒரு புதையல் கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கிக் கதை. 1998 முதல் அங்கே அவ்வப்போது விசித்திரமான ரேடியோ வெடிப்புகள் பதிவாகிவந்தன. வெகுதொலைவிலிருந்து வரும் உண்மையான வெடிப்புகளின் சாயல் அவற்றில் அப்படியே இருந்தது. 2015இல் ஆய்வுக் குழு விடாமல் துருவிப் பார்த்தபோது, ஆய்வக வளாகத்தில் இருந்த மைக்ரோவேவ் அடுப்பு பிடிபட்டது. நேரம் முடிவதற்குள் யாரோ அவசரமாகக் கதவைத் திறந்தால், அந்த ஒரு கணத்தில் கசியும் அலைகளை 64 மீட்டர் தட்டு வாங்கிக்கொள்கிறது! தங்கள் தவறைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்து ஊரறிய எழுதினார்களே, அதற்காகவே அந்தக் குழு மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அதே பார்க்ஸில் 2019இல், சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரி திசையில் 982 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் பதிவானது. முதல் கட்டச் சோதனைகளில் தேறிவிட்டதால் கொஞ்ச நாள் பரபரப்பு. அதே சாயல் கொண்ட சிக்னல்கள் வேறு அதிர்வெண்களிலும், தொலைநோக்கி வேறு பக்கம் திரும்பியிருந்த வேளைகளிலும் இருந்தது பின்னர் தெரியவந்தது. நம் ஊர்க் கருவி ஏதோ ஒன்றின் குறுக்கீடு என்று 2021இல் முடிவானது.

"வாவ்" சிக்னல் மட்டும் இன்னும் விளங்கவில்லை என்கிறார்களே?

1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிக் இயர் தொலைநோக்கி பதிவு செய்தது அது. சில நாள் கழித்துக் கணினி அச்சுத் தாள்களைப் புரட்டிய ஜெர்ரி ஏமன், ஒரு பத்தியில் ஆறு குறிகளைக் கண்டார்: 6, ஈ, க்யூ, யூ, ஜே, 5. சிவப்பு மையில் வட்டமிட்டு ஓரத்தில் "வாவ்!" என்று எழுதினார். பலர் இதை ஏதோ சங்கேதச் செய்தி என்று நினைக்கிறார்கள். வலுவைக் குறிக்கும் அளவு மட்டும்தான் அது. 1 முதல் 9 வரை எண்கள், அதற்கு மேல் ஆங்கில எழுத்து வரிசை. யூ என்றால் பின்னணி இரைச்சலைப் போல 30 மடங்கு. ஒவ்வொரு குறிக்கும் 12 நொடி, ஆக மொத்தம் 72 நொடி. அந்தத் தொலைநோக்கி அசையாமல் நிற்கும், பூமி சுழலும்போது வானம் அதன் பார்வையைக் கடந்து செல்லும். ஒரு விண்மீன் கடக்க ஆகும் நேரமும் சரியாக 72 நொடிதான். ஏறி இறங்கிய விதமும் அதற்கேற்றபடி இருந்தது.

ஆனால் பிக் இயருக்கு இரண்டு பார்வைக் கற்றைகள். சுமார் மூன்று நிமிட இடைவெளியில் இரண்டிலும் தெரிந்திருக்க வேண்டியது, ஒன்றில் மட்டும்தான் தெரிந்தது. அதன் பிறகு அந்தத் திசையைப் பலர் பலமுறை கேட்டும் திரும்ப வரவில்லை. திரும்ப வராத ஒன்றை வைத்து அறிவியலில் எதையும் நிலைநாட்ட முடியாது. நல்ல புதிர், அதை ஆதாரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேடூ-18பி என்ற கோளில் உயிர் இருப்பதாகச் செய்தி வந்ததே?

124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கோள் அது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வளிமண்டலத்தில் மீத்தேனையும் கரியமில வாயுவையும் கண்டது. அதில் பெரிய சர்ச்சை இல்லை. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் சாயலும் தெரிவதாகச் சொன்னது. பூமியில் அதைக் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடுகின்றன என்பதால்தான் அத்தனை ஆரவாரம். அவர்கள் சொன்ன உறுதி "மூன்று சிக்மா". ஒரு முடிவு தற்செயலாக வந்ததல்ல என்பதை அளக்கும் அளவுகோல் சிக்மா. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து வேண்டும். அதே தரவை அலசிய வேறு குழுக்களுக்கு அந்தச் சாயலே தெளிவாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, உயிரே இல்லாத 67பி என்ற வால்மீனிலும் அந்த வாயு இருந்திருக்கிறது. அப்படியே உறுதியானாலும் அது நுண்ணுயிர் பற்றிய பேச்சுதான். அறிவுயிர் என்பது அதற்கு வெகுதூரம் அப்பால்.

டிரேக் சமன்பாட்டின்படி எத்தனை நாகரிகங்கள் இருக்க வேண்டும்?

1961இல் ஒரு சிறு கூட்டத்தில் என்னென்ன பேசலாம் என்பதற்கு டிரேக் எழுதிய பட்டியல் அது. விண்மீன்கள் பிறக்கும் வேகம், கோள் உள்ளவை எத்தனை பங்கு, உயிர் தோன்ற ஏற்றவை எத்தனை, உயிர் தோன்றியவை, அறிவு வளர்ந்தவை, சிக்னல் அனுப்பக்கூடியவை, கடைசியாக அவை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்று வரிசையாகப் பெருக்க வேண்டும். முதல் சில எண்கள் இன்று ஓரளவு தெரியும். 1995க்குப் பிறகு சூரியன் போன்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் கிடைக்கத் தொடங்கி, இதுவரை 6,000க்கும் மேல் உறுதியாகிவிட்டன. நடுவில் வருபவை இருட்டு. ஆகவே விடை பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம், லட்சங்களிலும் இருக்கலாம். யாராவது ஒரே எண்ணை அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

என் மனதை உறுத்துவது கடைசி உறுப்பு, நீடிக்கும் காலம். பால்வெளி மண்டலத்தின் சுமார் 1,300 கோடி ஆண்டுகளை ஒரே வருடமாகச் சுருக்கினால், ரேடியோ தெரிந்த மனிதனின் நூறு ஆண்டு கால் நொடிக்கும் குறைவு. கண்ணிமைக்கும் நேரம் மட்டும் மின்னும் இரண்டு மின்மினிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள, இரண்டும் ஒரே சமயத்தில் மின்ன வேண்டும். "எல்லோரும் எங்கே?" என்று 1950இல் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டாரே, அதற்கு எனக்குத் தோன்றும் பதில்களில் இதுவே மிகவும் வருத்தம் தருவது.

நம் டிவி நிகழ்ச்சிகளை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

வாய்ப்பு மிகக் குறைவு. தொலைவு இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒன்றாகும். ஒளியாண்டுக் கணக்கில் போகும்போது படம் இரைச்சலில் கரைந்துவிடும். சிறுகோள்களை ஆராய, போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து அனுப்பிய ரேடார் கற்றைகள் வேறு ரகம். அவை மிகத் தொலைவுக்கும் எட்டும், ஆனால் சுட்டிய திசையில் மட்டும்.

பறக்கும் தட்டுகள்?

நாசா அமைத்த தனிக் குழு 2023 செப்டம்பரில் அறிக்கை தந்தது. வேற்றுலகத் தொடர்புக்கு ஆதாரம் இல்லை. தரவின் தரமே போதவில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நாமே முதலில் செய்தி அனுப்பலாமா? ஆபத்தா?

அனுப்பியாயிற்று. 1974 நவம்பர் 16 அன்று அரெசிபோவிலிருந்து 1,679 துணுக்குகள் (0, 1 என்ற பிட்டுகள்) கொண்ட செய்தி, சுமார் 25,000 ஒளியாண்டு தள்ளியுள்ள எம்13 விண்மீன் கொத்துக்குக் கிளம்பியது. 1,679ஐ 23 × 73 என்று மட்டும்தான் பிரிக்க முடியும். அப்படி அடுக்கினால் மனித உருவமும் டிஎன்ஏவும் சூரியக் குடும்பமும் படமாகத் தெரியும். பதில் வர 50,000 ஆண்டு ஆகும் என்பதால் அதைத் தொழில்நுட்ப வெள்ளோட்டம் என்றே கொள்ள வேண்டும். அருகில் உள்ள விண்மீன்களுக்குத் தொடர்ந்து அனுப்புவது வேறு விஷயம். ஸ்டீபன் ஹாக்கிங் அது ஆபத்து என்று எச்சரித்தார். படையெடுத்து வருவார்கள் என்ற பயம் எனக்கில்லை. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாயேஜர் 1 போன்ற கலம் பிராக்ஸிமா வரை போகவே 75,000 ஆண்டு ஆகும். ஆனாலும் பூமி முழுவதன் பெயரில் பேச ஒரு சிலருக்கு யார் உரிமை கொடுத்தது? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை நான் கேட்பவர்கள் பக்கம்.

உண்மையான சிக்னல் கிடைத்தால் அரசுகள் மறைத்துவிடும் அல்லவா?

1989இலேயே ஆய்வாளர்கள் தங்களுக்குள் ஒரு நெறிமுறை வகுத்துக்கொண்டார்கள். முதலில் வேறொரு தொலைநோக்கியில் சரிபார்க்க வேண்டும், உறுதியானால் வானியலாளர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும், உலக அளவில் கலந்து பேசாமல் பதில் அனுப்பக்கூடாது. சட்டத்தின் பலம் அதற்குக் கிடையாது. ஆனால் சரிபார்ப்பதற்கே வேறு நாட்டுத் தொலைநோக்கிகள் தேவைப்படும்போது, யார் யாரிடமிருந்து மறைப்பது?

நடந்ததைச் சொல்கிறேன். 1997 ஜூனில் கிரீன் பேங்கில், இந்தத் தேடலுக்கென்றே உள்ள ஸெட்டி ஆய்வு நிறுவனத்தார் ஒரு சிக்னலைப் பிடித்தார்கள். விண்மீனை விட்டுத் திருப்பினால் மறைகிறது, திரும்பி வந்தால் தெரிகிறது. இதுவாக இருக்குமோ என்று மணிக்கணக்கில் யாரும் நகரவில்லை. எந்த அரசிடமிருந்தும் அழைப்பு வரவில்லை. வந்தது நியூயார்க் டைம்ஸ் செய்தியாளரிடமிருந்து. விஷயம் அதற்குள் அங்கே போய்விட்டிருந்தது. கடைசியில் அந்தச் சிக்னல், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைக் கவனித்துவந்த சோஹோ விண்கலத்தினுடையது என்று தெரிந்தது.