விரல் காய்ந்தால் போன் கேட்காது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 74. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், நன்றாகப் படித்தவர். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. பேசுவதற்கு மட்டும்தான் எடுக்கிறார். புதுச்சேரியில் இருக்கும் பெரியம்மாவுக்கு 81. எட்டாவதோடு நின்றவர். வீடியோ கால், பணம் அனுப்புவது எல்லாம் தானே செய்கிறார். அப்பாவுக்கு ஏன் வரவில்லை?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பெரியம்மாவின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. புதுச்சேரி என்பதால் பிரான்ஸ் என்று நினைக்கிறேன். என் நாத்தனார் முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கிறார், மகள் பாரிஸில். அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தால் அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் மூன்றரை மணி நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நான் கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் போர்டில் வேலை பார்த்தவள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட, மகன் வேலை செய்யும் கடையின் நம்பரை ஒரு எண் பிசகாமல் ஒப்பிப்பார்கள்.

தேவை இருந்தால் தானாக வரும். உங்கள் அப்பாவுக்கு அந்தத் தேவை இல்லை, நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். கரன்ட் பில் கட்ட வேண்டுமா, "கொடுங்கப்பா" என்று வாங்கி நாலே விநாடியில் முடித்துவிடுவீர்கள். என் மகனும் அப்படித்தான். அவன் விரல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிவதற்குள் போன் திரும்பி வந்துவிடும். பிடுங்காமல் அவர் கையிலேயே விட்டுப் பாருங்கள்.

படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. தேவனாம்பட்டினத்திலிருந்து எனக்கு மீன் கொண்டுவரும் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மைக் படத்தை அமுக்கி "அக்கா, இன்னிக்கு சங்கரா வந்திருக்கு" என்று வாய்ஸ் அனுப்புவார். எதிர்வீட்டில் ரிடையர் ஆன தலைமை ஆசிரியர், தப்பாக எதையாவது அமுக்கினால் பென்ஷன் பணம் போய்விடும் என்று போனைப் பீரோவில் வைத்திருக்கிறார். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், நிஜமாகவே பணம் போனவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் சொன்னதையே அப்பாவிடமும் சொல்லுங்கள்: நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் ரகசிய எண் (PIN) போடத் தேவையே இல்லை, போடச் சொல்பவன் திருடன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும்.

அப்புறம், அப்பாவின் விரலைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்து சொரசொரப்பாக இருக்கிறதா? இந்தத் திரைக்கு அழுத்தம் முக்கியமில்லை. விரல் தோல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் தொட்டது அதற்குத் தெரியும். காய்ந்த தோல் சரியாகக் கடத்தாது. அவரோ போன் கேட்கவில்லை என்று இன்னும் ஓங்கிக் குத்துவார். ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். அமைப்புகளில் எழுத்தின் அளவையும் பெரிதாக்கிக் கொடுங்கள்.

கேள்வி: மத்திய அரசு பென்ஷனர் நான். பென்ஷன் தொடர வருடா வருடம் கொடுக்கும் ஆயுள் சான்றுக்குக் கைரேகை விழவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: எனக்கும் விழவில்லை. ஒரு சென்டரில் நாலு விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். "பாட்டி, உங்களுக்கு ரேகையே இல்லை" என்றான் பையன். புளி கரைத்தும் பாத்திரம் தேய்த்தும் போயிருக்கும். டிஜிட்டல் ஆயுள் சான்று 2014இல் வந்தது, முகத்தைக் காட்டியே பதியும் வசதி 2021இல் வந்தது. அதைக் கேளுங்கள். வீட்டிலேயே ஆண்ட்ராய்டு போனிலும் செய்யலாம், ஆதார் எண் வேண்டும். முடியாவிட்டால் தபால்காரரை வீட்டுக்கு வரவழைக்கலாம், சிறு கட்டணம் உண்டு. 80 தாண்டியிருந்தால் நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபரிலேயே கொடுக்கலாம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளிச்சம் பார்த்து உட்காருங்கள். நடுவில் கண்ணை இமைக்கச் சொல்லும். கண்ணாடி இல்லாமல் அந்த வரியை எப்படிப் படிப்பது என்று யாரும் யோசிக்கவில்லை போல. பேரன் பக்கத்தில் நின்று "இப்போ இமை பாட்டி" என்றான், இமைத்தேன். உயிரோடு இருப்பதாகப் பதிவாகிவிட்டது.